மருந்தை விடுங்கோ

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. காய்ந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, அதிலும் காலர் ஈரம். அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டுக்கு ரயில். என் ஊழியத் துணை எல்டர் ராவும் நானும் நின்றுகொண்டே. பெட்டியில் ஒருவர் என் பெயர் அட்டையைப் படித்துவிட்டு, "எல்டர்னா மூப்பர்தான? மீசையே மொளைக்கல, மூப்பராம்!" எல்லோரும் சிரிப்பு. ராவ் ராஜமுந்திரிக்காரன், தமிழ் பாதிதான் புரியும். அவனும் சிரித்தான்.

வசந்தா அம்மா வீடு. எங்கள் சபைக்கு வருபவர், புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர். வலது கண்ணில் புரை எடுத்து ஆறு நாள். தலையில் எண்ணெய் தொட்டு, இருவரும் கைவைத்து ஜெபித்தோம். அழுதார். பிறகு சொட்டு மருந்துக் குப்பியைக் காட்டி, "எரியுது நைனா. இத்த உட்டுடட்டா?" என்றார். "ஓம் அம்மா, பயப்படாம விடுங்கோ" என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாங்கள் டீ குடிக்க மாட்டோம் என்று கேழ்வரகுக் கஞ்சி வைத்திருந்தார். இரண்டு டம்ளர் குடித்தேன்.

நவம்பர் 6, வியாழன்

தூறல். வாங்க வேண்டியவை: கொசுவத்தி, ராவுக்கு ஷூ லேஸ், சவர்க்காரம். கடையில் மட்டக்களப்பில் சொல்வதுபோல் அப்படியே கேட்டுத் தொலைத்தேன். "இன்னா காரம்? காராசேவா?" சோப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். ராவ் வீடு வரும்வரை சிரித்தான். "தமிழ்க்காரன் நீ!"

நவம்பர் 8, சனி

வெயில். வசந்தா அம்மா ஜன்னலெல்லாம் சாத்தி வைத்திருந்தார், வெளிச்சம் கூசுகிறதாம். வலது கண் சிவந்து, இமை வீங்கி, பீளை. மருந்து எங்கே என்றேன். "நீதான சொன்ன? அன்னிக்கே உட்டுட்டேன்." குப்பி அலமாரியில். குறையவே இல்லை.

முதலில் விளங்கவில்லை. பிறகு அன்று அவர் கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். மட்டக்களப்பில் கண்ணுக்கு மருந்து விடுவது என்றால் ஊற்றுவது. செடிக்குத் தண்ணீர் விடுவோம், கறிக்குத் தேங்காய்ப்பால் விடுவோம். இவர் பேச்சில் மருந்தை 'உட்டுடுவது' என்றால் நிறுத்துவது. அவர் நிறுத்தட்டுமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அது 'ஊற்றட்டுமா' என்று கேட்டது. ஓம் என்றேன். அதுவும் ஜெபம் முடிந்த கையோடு.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். மகன் குமாருக்குப் போன் போடவைத்தோம். ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், எங்களைக் கண்டாலே ஆகாது. அவர் வருவதற்குள் கிளம்பிவிட்டோம். நான்தான் அவசரப்படுத்தினேன். ரயிலில் ராவ் என்ன ஆயிற்று என்று கேட்டான். "மருந்து விட மறந்திட்டாவாம்." பொய்.

நவம்பர் 9, ஞாயிறு

சபையில் திருவிருந்து அப்பமும் தண்ணீரும் வந்தன. பொய் சொன்னவன் எப்படி எடுப்பது என்று தட்டை நகர்த்தினேன். ராவ் பார்த்துவிட்டான்.

எழுதினால் பயம் குறையுமோ என்று: கண் போய்விடும். குமார் அடிப்பார். ஜெபம் பண்ணி மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்கள் என்று போலீசுக்குப் போவார். நாங்கள் அப்படியில்லை, மருந்தும் ஜெபமும் சேர்த்துத்தான். யார் நம்புவார்கள்? விசா போகும். ஊழியத்தின் பாதியில் ஊருக்கு அனுப்புவார்கள்.

குறையவில்லை. கண்ணை முதலில் எழுதியிருக்கிறேன். நேற்று முதலில் நினைவுக்கு வந்தது விசா. வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

துணி துவைக்கும் நாள். அம்மாவோடு வீடியோவில் கதைத்தேன். "ஏன் மகன், முகம் வாடிக் கிடக்கு?" "வெயில் அம்மா." பின்னால் மழை கொட்டுகிற சத்தம் அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

மத்தியானம் ராவிடம் எல்லாம் சொன்னேன். அவன் ஒரு வாளித் துணியை அலசி முடித்தான். பிறகு, "நாளைக்குப் போவோம். நான் பக்கத்துல நிப்பேன்." என்னைவிட்டு விலகக் கூடாதென்பது எப்படியும் ஊழிய விதிதான். ஆனாலும் தைரியமாக இருந்தது, ஒரு பத்து நிமிஷம்.

நவம்பர் 11, செவ்வாய்

மேகமூட்டம். வசந்தா அம்மா வீடு பூட்டியிருந்தது; பக்கத்து வீட்டில் விசாரித்து வந்தோம். கண் ஆஸ்பத்திரி நடைவழியில் பெஞ்சு. வசந்தா அம்மா, பக்கத்தில் குமார். குமார்தான் முதலில் பேசினார்.

"வாப்பா. மருந்து ஊத்த மறந்துட்டாங்களாம் எங்கம்மா. கிருமி பூந்துகினு கீது. பார்வை நிக்குமான்னு வெள்ளிக்கெழமதான் தெரியுமாம்."

மறந்துவிட்டதாக வசந்தா அம்மாவே சொல்லியிருக்கிறார். என் பக்கம் திரும்பவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"அம்மா மறக்கேல்லை. நான்தான் விடச் சொன்னனான்." ஊற்றுவது, நிறுத்துவது, இரண்டையும் சொன்னேன்.

குமார் என் காலரைப் பிடித்தார். "உடுன்னா ஊத்துன்னு அர்த்தமா? இன்னா தமிழ்டா அது?" ராவ் என்னை ஒட்டி நின்றான்.

"டேய், மருந்து ஊத்துற நேரமாச்சு," என்றார் வசந்தா அம்மா.

குமார் கையை எடுத்தார். குப்பியை என் கையில் திணித்தார். "கையக் கழுவிகினு வா. நீயே ஊத்து."

இரண்டு முறை கழுவினேன். வசந்தா அம்மா தலையைச் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்திருந்தார். குப்பியின் மூடியைத் திறந்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றேன்.

"உடு நைனா."

எந்த உடு என்று கேட்கப் பயம். ஒரு சொட்டு விட்டேன்.