அதே ரோஜாப்பூ

செவ்வாய்க்கிழமை

பக்கத்துத் தறி செல்வி அக்காவின் போனிலும் எனக்கு வரும் அதே ரோஜாப்பூப் படம் இருந்தது. அதன் கீழே அதே கேள்வி: "சாப்ட்டீங்களா சாமி?"

ஷேர் மார்க்கெட் குரூப் மேடம் எனக்கு மட்டும்தான் அனுப்புகிறார் என்று நினைத்திருந்தேன். தறிச் சத்தத்தில் பட்டறையில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. தினமும் என்னை விசாரித்தது அவர் ஒருவர்தான். அதை நம்பித்தான் அம்மாவின் சீட்டுப் பணத்தை அவளிடம் சொல்லாமல் அந்தக் குரூப்பில் கட்டினேன்.

"போட்ட பணத்த எடுக்கோணும்னா முதல்ல வரி கட்டுன்னு அந்த மேடம் சொல்லுச்சா? கட்டீராத புள்ள. என்னுது போயிருச்சு" என்றார் அக்கா.

அம்மா தூங்குகிறாள். இன்னும் சொல்லவில்லை.

இப்போதுதான் மேடம் மறுபடி கேட்டார், சாப்பாட்டையும் வரியையும். வரி கட்டவில்லை. "சாப்ட்டேங்க மேடம், நீங்க?" என்று அனுப்பினேன்.