நன்றியுரையில் சொல்லாமல் விட்டது

அண்ணை,

நேற்றுச் சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்காக நிற்கும்போது பசை மணத்தது. கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை. திரும்பிப் பார்த்தால், உங்கள் புத்தகக்கடையை இப்போது நடத்துகிற இளைஞர்கள் இரண்டு பேர் சுவரில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பரந்தன் சந்தியில் நோட்டீஸ் ஒட்டுவதென்றால் அது நீங்கள் செய்கிற வேலை. ஒரு கணம் நீங்கள்தான் நிற்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். உடனே கோபமும் வந்துவிட்டது. செத்துப்போன மனிதர்மேல் இவ்வளவு கோபம் வைத்திருக்கலாமா என்று கேட்காதீர்கள். வைத்திருக்கிறேன்.

நோட்டீஸில் உங்கள் பெயர். வருகிற ஞாயிறு பின்னேரம் உங்கள் கடையில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். நினைவுரை யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் எழுத்தாளர்தான். அவருடைய பேர்பெற்ற அந்தக் கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று வாசிக்கப் போகிறதாம். என்னைக் கண்டதும் இளைஞர்களில் ஒருவன் பசைக் கையோடு ஓடி வந்தான்.

"மாமி, நீங்கள்தான் படத்துக்கு மாலை போடவேணும். முன்வரிசையிலை உங்களுக்குக் கதிரை போட்டு வைப்பம்."

"ஏன் தம்பி, அண்டைக்கு இருத்தின மாதிரியோ?" என்று கேட்டேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அந்த நாளில் அவனுக்கு மீசைகூட முளைத்திருக்காது.

உங்கள் கடையைப் பற்றி நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். காணி கிடைத்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்து காடு வெட்டிய சனம் நாங்கள். மண்வெட்டி பிடித்தால் உங்களுக்குக் கை கொப்பளித்துவிடும். "இந்தக் கையாலை நெல்லு விளையாது தங்கச்சி, நான் புத்தகம் விக்கப்போறன்" என்று ஒருநாள் வரம்பில் இருந்து எழும்பிப் போனீர்கள். சந்தியில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டீர்கள். சிலேட், பள்ளிக்கூடப் புத்தகம், பஞ்சாங்கம், ரயிலில் வந்து இறங்குகிற சஞ்சிகைகள். ஊர் சிரித்தது. "சோத்துக்கே வழியில்லாத இடத்திலை கண்டறியாத புத்தகக்கடை!" என்று என் மாமியார் என் முகத்துக்கு நேரேயே சொன்னா.

சிரித்தவர்களை எல்லாம் நீங்கள் கொட்டிலுக்குள் கொண்டுவந்து இருத்தினீர்கள். வாசலில் ஒரு கரும்பலகை. வாற கிழமை என்ன நடக்கும் என்று அதில் எழுதி வைப்பீர்கள். சனிக்கிழமை, வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பேப்பர் வாசிப்பு. வெள்ளிக்கிழமை பின்னேரம் பெண்களுக்குத் தொடர்கதை. நல்ல இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "மிச்சம் வாற வெள்ளி" என்று புத்தகத்தை மூடுவீர்கள். "அறுவான், சொல்லிப்போட்டு மூடு!" என்று கிழவிகள் ஏசுவார்கள். பக்கத்துத் தொழிற்சாலைக்காரர் வேலை விட்டு நேரே சைக்கிளில் வருவார்கள். இருக்கக் கதிரை கிடையாது, அவரவர் சாக்கு அவரவர் கொண்டுவர வேண்டும். நானும் சாக்கோடு வந்தவள்தான். அந்த நாட்களில் எனக்கு உங்களை நினைத்தால் சரியான பெருமை.

பிறகுதான் எழுத்தாளர்மாரைக் கூப்பிடத் தொடங்கினீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து அவர் வருகிறார் என்று கரும்பலகையில் எழுதிய கிழமை உங்கள் கால் நிலத்தில் நிற்கவில்லை. காடு வெட்டி வந்த சனம் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும், எழுத்தாளர் கேட்பார், அதுதான் கூட்டம். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

"சொல்லு தங்கச்சி," என்று நீங்கள்தான் கெஞ்சினீர்கள். "ஆள் பெரிய எழுத்தாளர். அவர் எழுதினாரெண்டால் எங்கடை கஷ்டம் கொழும்பு வரைக்கும் கேக்கும்."

சொன்னேன். என் மூத்த மகன் போன கதையைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் கூட வந்தவர். அந்த மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து தெருவெல்லாம் வெள்ளம். இவர், என் மனுசன், தன் தகப்பனாருக்குச் சுகமில்லை என்று யாழ்ப்பாணம் போயிருந்தார், திரும்பி வர ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பிள்ளைக்கு விடியற்காலை காய்ச்சல் கொதிக்கத் தொடங்கியது. விடிந்த கையோடு அவனைச் சாக்கால் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன். நீங்கள் முன்னால் தடியால் ஆழம் பார்த்துப் பார்த்துப் போனீர்கள். நான் பின்னால். வாய்க்காலடியில் தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது, அவனைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அக்கரையில் ஏறினபோது அவன் கை என் கழுத்தை விட்டுவிட்டது. "அண்ணை, பிள்ளை பிடியை விட்டிட்டான்" என்றேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். தடியைப் போட்டுவிட்டு அவனை வாங்கினீர்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினோம். பிரயோசனம் இல்லை.

இதைத்தான் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எழுத்தாளர் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். எனக்கு மனது கொஞ்சம் லேசானது. வீட்டு முருங்கைக்காய் ஒரு கட்டு கொடுத்துவிட்டேன், அவருடைய மனுசிக்கு என்று. மடைச்சி!

அடுத்த வருடம் புத்தகம் வந்தது. வெளியீட்டை யாழ்ப்பாணத்தில் வைக்காமல் உங்கள் கொட்டிலில் வைக்கச் சம்மதித்தாராம். நீங்கள் ஊரெல்லாம் பசை வாளியோடு திரிந்தீர்கள். சனம் இருக்கப் பள்ளிக்கூடத்தில் வாங்குப் பலகைகள் இரவல் எடுத்தீர்கள். எனக்கு முன்வரிசையில் கதிரை. நான் முதல் தடவையாக உங்கள் கடையில் கதிரையில் இருந்தது அன்றைக்குத்தான்.

எழுத்தாளர் எழும்பி வாசித்தார். வெள்ளம், குளம், சாக்கு எல்லாம் என்னுடையது. ஆனால் அவருடைய கதையில் வருகிற தாய் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை. பூசாரியிடம் கொண்டு போகிறாள். நூல் கட்டுகிறாள், திருநீறு போடுகிறாள், காய்ச்சல் கொதிக்கக் கொதிக்க நாட்கணக்காய் வீட்டில் வைத்திருக்கிறாள். தமையன் காலில் விழாத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறான், அவள் கேட்கவில்லை. எல்லாம் கைவிட்டுப் போன பிறகுதான் வெள்ளத்தில் இறங்குகிறாள். அறியாமை ஒரு பிள்ளையைத் தின்றுவிட்டது என்று முடித்தார். என்ன கைதட்டு! கொட்டிலின் ஓலை பறந்துவிடும் போல இருந்தது. தலைமை தாங்கின வாத்தியார், "இப்படிப்பட்ட தாய்மாரின் கண்ணைத் திறக்கவே இந்தக் கதை" என்றார். எல்லாக் கண்ணும் என் முதுகில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

அப்போதுகூட எனக்குப் பதற்றம் இல்லை, அண்ணை. நன்றியுரை நீங்கள்தானே. நீங்கள் எழும்புவீர்கள், எழும்பி ஒரு வசனம் சொல்வீர்கள்: என் தங்கச்சி அப்படிச் செய்யவில்லை, அவள் விடிந்தவுடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், நான் பக்கத்தில் நின்றவன். இவ்வளவும் போதும். நீங்கள் எழும்பினீர்கள். எழுத்தாளருக்கு நன்றி சொன்னீர்கள். வாத்தியாருக்கு, வாங்கு தந்த பள்ளிக்கூடத்துக்கு, எழுத்தாளருக்காக முன் சீற் பிடித்துக் கொடுத்த பஸ் கொண்டக்டருக்கு நன்றி சொன்னீர்கள். கடைசியாக, "தேத்தண்ணி ஊத்தித் தந்த என்ரை தங்கச்சிக்கும்" என்றீர்கள். அதற்கும் கைதட்டினார்கள்.

வாத்தியாரின் மனுசி வந்து என் கையைப் பிடித்தா. "போனது போகட்டும் பிள்ளை. இனியெண்டாலும் காய்ச்சல் கீச்சல் எண்டால் உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றா. நல்ல மனுசி. நல்ல மனத்தோடுதான் சொன்னா.

கடைப் பின்பக்கம் உங்களை மறித்துக் கேட்டேன்.

"அது கதை, தங்கச்சி. கதை எண்டால் கொஞ்சம் மாத்தித்தான் எழுதுவினம்."

"மாத்தட்டும். மழையை வெயிலெண்டு மாத்தட்டும். என்னை ஏன் மாத்தினவர்?"

"மெல்லக் கதை. அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! நீங்கள் பக்கத்திலை நிண்ட ஆள்தானே, ஏன் சொல்லேல்லை?"

"அவர் கோபிச்சாரெண்டால் இனி ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டினம். அடுத்த கூட்டத்திலை நான் பக்குவமாய்ச் சொல்லுறன். சத்தியமாய்."

அடுத்த கூட்டம். உங்கள் கரும்பலகையில் எப்போதும் ஓர் அடுத்த கூட்டம் இருந்தது. கவிஞர் ஒருவர் வந்தார், பட்டிமன்றம் வைத்தீர்கள், கொழும்பில் இருந்து பத்திரிகை ஆசிரியர் வந்தார். அந்த எழுத்தாளர் பிடித்துத் தந்த ஆட்கள்தான் எல்லாரும். ஒவ்வொரு முறையும் சாக்கோடு வந்து பின்னால் இருந்தேன். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துக் கண்ணால் "பொறு" என்றீர்கள். புத்தகம் மட்டும் கடை முகப்பில் கண்ணாடிக்குள் இருந்தது.

ஊர் கதைத்தால் கதைக்கட்டும், நான் அதைத் தாங்கியிருப்பேன். இவர் அந்தப் புத்தகத்தை வாசித்தார். வாசித்து முடித்து, கவிழ்த்து வைத்துவிட்டு, "நீ பிள்ளையை முதல் எங்கை கொண்டுபோனனீ?" என்று கேட்டார். அவர் அந்த நேரம் இங்கே இல்லாத மனிதர், அண்ணை. அந்தப் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. "அண்ணையைக் கேளுங்கோ" என்றேன். கேட்டாராம். "விடு மச்சான், அது கதைதானே" என்று முதுகில் தட்டி அனுப்பினீர்களாம். இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. இவர் அதற்குப் பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை.

என் சின்ன மகளுக்கு ஒருநாள் மேல் சுட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, மழையில் நனைந்த காய்ச்சல். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைக்கு வரும் முன்னம், இவர் வயலில் இருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்து என் கையில் இருந்து பிள்ளையைப் பறித்தார். சைக்கிளில் முன்னால் இருத்தினார். "நானும் வாறன்" என்றேன். "நீ இரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். படலையில் நின்று, அண்ணை, உங்களைத் திட்டினேன். உங்கள் கடை நெருப்பு வைத்து எரிய வேண்டும் என்று திட்டினேன். நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கிடந்தபோதும் நான் விடவில்லை. சாகப் போகிற மனிதரைக் கரைச்சல் படுத்தியவள் என்று யாரும் சொல்லட்டும். வாய்க்குத் தண்ணீர் பருக்கிவிட்டுக் கேட்டேன்.

"அண்ணை, இவர் வெளியிலை விறாந்தையிலைதான் நிக்கிறார். கூப்பிடுறன். ஒரு சொல்லு சொல்லுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். "களைப்பாயிருக்குத் தங்கச்சி. எழும்பினாப் பிறகு ஒரு கூட்டம் வைப்பம். அதிலை சொல்லுறன்."

நீங்கள் எழும்பவில்லை. அந்த வெள்ளத்தில் என்னோடு இறங்கிய ஒரே ஆளை நாங்கள் சுடலைக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தோம். உங்களுக்குப் பயம் என்ன என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களுக்கு நாலு பேர் வந்து இருக்க வேண்டும், கூட்டம் நடக்க வேண்டும், இந்தக் காட்டுக்குள்ளும் எழுத்தாளர் வந்து போகிறார் என்று பெயர் வர வேண்டும். அதற்கு ஒரு விலை இருந்தது. அதை என் தலையில் வைத்தீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

நேற்றுப் பின்னேரம், அந்த இளைஞர்கள் தந்த நோட்டீஸ் ஒன்றை இவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் வாசித்தார்.

"போறியோ?"

"போறன்."

"கதைப்பியோ?"

"கதைப்பன். எழுத்தாளர் இருக்கிற மேடையிலேயே ஏறிக் கதைப்பன்."

இவர் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப நானும் வாறன்" என்றார். "எனக்கு அதைக் கேக்கவேணும்."

"உங்களுக்கு நான் எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்?"

"ஓம், சொன்னனீதான்," என்றார். "அங்கை, எல்லாருக்கும் முன்னாலை சொல்லு."

பார்த்தீர்களா? இவ்வளவு காலம் ஒரே பாயில் படுத்த மனிதருக்கும் மேடையில் ஏறிச் சொன்னால்தான் அது உண்மை. இதையும் உங்கள் கடைதான் பழக்கி வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வருவேன். மாலையை வேறு யாராவது போடட்டும், என் கை அதற்கு வராது. நீங்கள் சொல்லாமல் விட்ட வசனத்தை உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று நானே சொல்வேன். அதன் பிறகுதான் உங்களுக்காக அழ வேண்டும், அண்ணை. நீங்கள் போய் இவ்வளவு நாளாகியும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.