சேற்றுக் கையோடு விட்டுக்கொடுத்த கடிதம்

மகன் பியோங்தேவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை ஒக்நமும் மாடும் சுகம். நீயும் சுகம் என்று உன் கடைசி மூன்று கடிதங்களும் சொல்கின்றன. ஒவ்வொன்றும் மூன்றே வரி. கையெழுத்து உன்னுடையது, பேச்சு உன்னுடையது இல்லை, அதனால் நான் நம்பவில்லை.

அறுப்பு முடிந்தது. குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸில் உப்பும் மிளகாயும் தடவிக் கிம்ச்சி போட்டு ஜாடிகளை மண்ணில் புதைத்தாயிற்று. கைப்பழக்கத்தில் உன் பங்கையும் சேர்த்தே போட்டுவிட்டேன், அண்ணன் வியட்நாம் சண்டைலேர்ந்து கொரியாவுக்கு வர்றதுக்குள்ள புளிச்சுப் போயிடும்மா என்று ஒக்நம் திட்டினாள். இருக்கட்டும். சொல்ல வந்தது வேறு. ஜூன் மாதம் உன் நீளக் கடிதம் வந்தபோது ஊரே நம் வயலில் நடவுக்கு இறங்கியிருந்தது. எனக்கு முழங்கை வரை சேறு. தபால்காரர் வரப்பில் நின்று நீட்டிய கடிதத்தை ஊர்த்தலைவர் வாங்கி, போர்முனைக் கடுதாசி ஊருக்கே பொது என்று சொல்லிப் பிரித்தார். நான் தடுக்கவில்லை, பெருமையாக இருந்தது, அதுதான் உண்மை. பூட்ஸ் காயாமல் கால்விரல் தோல் உரிவது, டப்பா கிம்ச்சியில் துருத் தண்ணீர் ஊறுவது, சார்ஜெண்டின் துணியை நீ துவைப்பது என்று அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் சிரித்துக்கொண்டே நட்டோம். தின்ன தட்டக் கழுவாத பய அடுத்தவன் சட்டையத் தொவைக்கிறானா, இனி தைரியமாப் பொண்ணு குடுக்கலாம்டி என்றாள் மல்சுன் அக்கா. அப்புறம் அந்த இடம் வந்தது. இங்கேயும் பொம்பளைங்க உன்னை மாதிரியே குனிஞ்சு நடுறாங்கம்மா, வயலுக்குள்ளேயே நேரா போகச் சொல்லி உத்தரவு, நானும் மிதிச்சேன், மிதிச்ச நாத்து மறுபடி எழும்புமா என்று கேட்டிருந்தாய். உன் மவன் சண்டைக்குப் போனானா, நாத்துக்கு அழப் போனானா என்றார் தலைவர். உங்க மவன் கண்ணு தெரியலன்னு பட்டாளத்துக்குப் போகாம வீட்ல இருக்கான், மலைக்கோழிய மட்டும் எப்படிய்யா குறி தப்பாம சுடுறான் என்று மல்சுன் அக்கா அவரைத் திருப்பிக் கேட்டாள். உன்னைப் பெற்றவள் நான். குனிந்து நட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் அரசு அலுவலகத்து ஆள் சைக்கிளில் வந்து, பத்திரிகையில் போடுவதாகச் சொல்லி அந்தக் கடிதத்தை வாங்கிப் போனான். பத்திரிகையில் வரவில்லை. உன் மூன்று வரிகள்தான் வர ஆரம்பித்தன. அங்கே உன்னை யார் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடித்திருந்தால் அந்த அடி என் கையிலிருந்து போனது. அன்றைக்குப் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை நானே வாங்கியிருக்கலாம். ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

இதைத் தபாலில் போடவில்லை. உன் பிரிவுக்கே வரும் ஆலைக்காரர் மகன் சாங்குல், மிளகாய்த்தூள் பொட்டலத்துக்குள் வைத்துக் கொண்டுவருகிறான். படித்ததும் அடுப்பில் போடு. காலைத் துடைத்துவிட்டுத் தூங்கு. நீ கேட்டதற்கு இத்தனை நாள் பயந்துகொண்டு பதில் எழுதவில்லை. சேற்றில் அமுங்கிய நாற்று நாலாம் நாள் தலைதூக்கும். வேர் அறுந்தது எழும்பாது, அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தப் பொம்பளைகள் மறுபடி குனிய வேண்டும். எது எத்தனை என்று மிதித்த உனக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கோடேயே வீடு வந்து சேர், நீ சொல்லச் சொல்ல நான் கேட்கிறேன். உன் உயிருக்கு ஒன்றும் வராது.

இப்போதெல்லாம் தபால்காரர் குரல் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டுதான் வாசலுக்குப் போகிறேன்.

உன் அம்மா