கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே

ஜூன் 3

பாத்திரம் கழுவி முடித்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு என்னைப் பற்றி எனக்கே சொல்லிப் பார்த்தேன். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' — நேர்முகத் தேர்வில் முதலில் இதைத்தான் கேட்பார்களாம். கேட்டவுடன் உண்மையைச் சொல்லிவிடக் கூடாது. 'ஐ ஆம் எ டீம் பிளேயர்' என்று சொல்ல வேண்டும். நாலு பேரோடு ஒத்துப்போய் வேலை செய்கிறவள் என்று அர்த்தம். பதிப்பகத்தின் மாடியறையில் தனியாக உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதியதில் பிழை திருத்தியே இத்தனை வருஷம் ஓட்டியவள் நான். கூட இருந்தது ஒரு மின்விசிறி. அதுவும் வெயில் காலத்தில் ஒத்துப்போகாது.

பதிப்பகத்தை மூடிவிட்டார்கள். அந்தச் செய்தியில் திருத்த ஒன்றுமில்லை.

ஆங்கிலம் சொல்லித் தருகிறவர் அவர்தான். செத்துப்போன புருஷனிடம் டியூஷன் படிக்கிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் 4

நேற்று எழுதியதைப் படித்தேன். யார் கண்ணிலாவது பட்டால் என்னை டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். விளக்கமாகவே எழுதிவைக்கிறேன்.

அவர் தொழிற்சாலையில் கணக்கு எழுதினார். ஆட்களைக் குறைத்தபோது அவரையும் குறைத்தார்கள். வேறு வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று ஒரு பேச்சு வகுப்பில் சேர்ந்தார். அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். நேர்முகக் கேள்விகளை நம் குரலிலேயே செல்போனில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பதில் சொல்லும் அளவுக்குச் சும்மா விட வேண்டும். பிறகு 'வெரி குட், நெக்ஸ்ட்' என்று நாமே நம்மைத் தட்டிக்கொடுக்க வேண்டும். கேட்கிறவன் குரல் நம் குரலாக இருந்தால் பயம் போய்விடும் என்பது அந்த வாத்தியாரின் தத்துவம்.

அவருக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை நேர்முகம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், என்னவோ போலிருக்கிறது என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நான்தான் அணைத்தேன்.

அவருடைய போன் வீட்டில் இருக்கிறது. கேள்விகள் அதில் இருக்கின்றன. எனக்கும் வேலை வேண்டும். புது வாத்தியார் எதற்கு?

ஜூன் 7

நாத்தனார் போன் செய்தாள்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன் அண்ணி. அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுங்க. அந்த வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் என்னதான் பண்ணப் போறீங்க?"

"வேலை தேடிக்கிட்டிருக்கேன்."

"மாசக் கடைசி வரைக்கும் பாருங்க."

நல்ல மனசுக்காரி. அவள் வீட்டில் அத்தைக்கு ஒதுக்கியிருக்கும் இடம் வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே. என் அண்ணன் வீட்டில் எனக்கு உள்ள இடத்தின் அளவு, அன்றன்றைக்கு அவர் மனைவியின் முகத்தைப் பொறுத்தது.

அத்தையிடம் சொன்னேன். "அவ வீட்டுல எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க. எனக்கு ஒண்ணும் காதுல விழாது" என்றார். துண்டை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"நீ எங்க போவே?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு."

"அப்ப ஒழுங்கா அந்த இங்கிலீஷைப் படி."

ஜூன் 10

இன்று மரபுத்தொடர்கள். அவருடைய பட்டியலில் இருந்தவை எல்லாமே விபத்துச் செய்தி மாதிரி இருக்கின்றன. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே சுறுசுறுப்பாக இருப்பவன், 'ஹிட் த கிரவுண்ட் ரன்னிங்' — ஓடிக்கொண்டே தரையில் விழுகிறான். வேலைநேரம் பார்க்காமல் கூடுதலாக உழைப்பவன் 'எக்ஸ்ட்ரா மைல்' நடக்கிறான். புதுமையாகச் சிந்திப்பவன் பெட்டிக்கு வெளியே இருக்கிறான். எல்லாரும் ஏதோ ஓர் இடத்தை விட்டு ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். வேலைக்குச் சேர இத்தனை பேர் ஓட வேண்டுமா?

அவர் இதையெல்லாம் நம்பினார். குரலில் தெரிகிறது.

பதில் தெரியாத கேள்விக்கு இன்று பேசாமல் இருந்து பார்த்தேன். காத்திருக்கிறார். மூச்சு கேட்கிறது. மூக்கடைப்போடு, கொஞ்சம் இழுத்து. நான் வாயே திறக்காவிட்டாலும் கடைசியில் 'வெரி குட்' என்கிறார். உயிரோடு இருந்தபோது இந்தப் பெருந்தன்மை கிடையாது.

ஜூன் 12

இதை எழுதலாமா வேண்டாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன்.

'வாட் இஸ் யுவர் கிரேட்டஸ்ட் வீக்னஸ்' — உங்கள் பெரிய பலவீனம் என்ன? இதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வாக்கியம் வரவில்லை என்று சத்தத்தைக் கூட்டி வைத்துக் காத்திருந்தேன். அவருடைய மூச்சுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு பொம்பளை.

"கேஸ் தீந்துபோச்சு! யாருக்காவது காது கேக்குதா இந்த வீட்டுல?"

நான்தான்.

கரண்டியை எதன்மேலோ தட்டுகிறேன். குழாயைத் திறக்கிறேன். ஏதோ முணுமுணுக்கிறேன். பிறகு அவர் 'வெரி குட், நெக்ஸ்ட்'.

திரும்பத் திரும்பப் போட்டேன். இறந்துபோனவர் பேசினால் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பழகிவிட்டேன். இவளுக்குத்தான் பழக முடியவில்லை. இவளுக்கு ஒன்றுமே தெரியாது. அவளுடைய பெரிய பிரச்சினை கேஸ். அடுத்த அறையில் ஆள் இருக்கிறான், கத்தினால் வருவான் என்று நம்பிக் கத்துகிறாள். ச்சே — என்ன தைரியம் அவளுக்கு! கதவைத் திறந்து போய்ச் சொல்லிவிடலாம் போல இருந்தது. சமையலறைக்கு நிஜமாகவே போனேன். யாரும் இல்லை. இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூன் 13

படிக்கவில்லை.

ஜூன் 15

கதவைத் திறந்தால் அத்தை. வாசற்படியை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாக இப்படியோ.

"அவன் என்ன கேக்கறான்?"

"எனக்கு என்ன பலவீனம்னு கேக்கறார்."

"இதை என்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

"இங்கிலீஷ்ல சொல்லணும் அத்தை."

"அதான் நீ தப்பிச்சே." ஸ்டூலை அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடுத்தது போடு."

'வேர் டூ யூ சீ யுவர்செல்ஃப் இன் ஃபைவ் இயர்ஸ்.' அஞ்சு வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்கிறார் என்றேன். அத்தை போனைப் பார்த்தார். "கேக்கறவனைப் பாரு" என்றார்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிப்பதற்குள் 'வெரி குட்'.

ஜூன் 18

காய்கறிக் கடையில் "வேற என்னங்க?" என்றார்கள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன். 'நெக்ஸ்ட்' என்று காதில் விழுந்தது. கடைக்காரர் வாய் அசையவில்லை.

ஜூன் 21

ஸ்கேன் எடுக்கும் நிலையம் ஒன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் வேண்டுமாம். வெளியூர் நோயாளிகள் வருவதால் ஆங்கிலம் அவசியம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செவ்வாய் வேண்டாம், வேறு நாள் கேள் என்று அத்தை சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. "சட்டைக்குத்தானே இஸ்திரி போடணும். நீ புடவைதானே கட்டிக்கிட்டுப் போறே" என்றார்.

ஜூன் 25

முடிந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். டை கட்டியவர், கணினியையே பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், வயதான ஒரு பெண் டாக்டர். டாக்டர் காகிதம் ஒன்றில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார்.

டை கட்டியவர், 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றார். கேள்வி அதே கேள்வி, குரல்தான் தப்பு. யாரோ ஒருவர் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது போல இருந்தது. பதிலைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. 'வெரி குட்' வரவில்லை.

அதைவிட மோசம் அடுத்தது. என் பலம் என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவர் விட்டிருப்பது சின்ன இடைவெளி. சொந்தப் பலத்தைப் பற்றிப் பேச அவருக்கு அவ்வளவு போதும் போல. "மை ஸ்ட்ரெங்த் இஸ் தட் ஐ ஆம் —" வரை வந்தேன். நேரம் முடிந்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

"யெஸ்?" என்றார் டை.

"தட்ஸ் ஆல்."

இளைஞர் கணினியை விட்டு என்னைப் பார்த்தார். புருஷன் விட்ட நேரத்துக்குள் பேசிப் பழகியவள் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அதற்கு மரபுத்தொடர் இல்லை.

கடைசியில் டை கேட்டார்: எங்களிடம் கேட்க உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?

இது பதிவில் இல்லை. அவர் இதைப் பதிவு செய்யவே இல்லை. பதில் சொல்கிறவர்களுக்கும் கேட்க ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லையா, இல்லை, அதை மறுநாளைக்கு வைத்திருந்தாரா? அறையில் எந்த மூச்சும் கேட்கவில்லை. நான் தனியாக இருந்தேன். ரொம்ப நாளாகவே தனியாகத்தான் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மனப்பாடம் பண்ணாத ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாகக் கேட்டேன்: ஸ்கேனில் ஏதாவது மோசமாக வந்திருந்தால், அதை நோயாளியிடம் சொல்ல வேண்டியது யார்? மேசையில் இருக்கும் நானா?

டாக்டர் பேனாவை வைத்தார்.

"இல்ல. நான் சொல்வேன்" என்றார், தமிழில். "நீங்க அவங்களை உக்கார வைக்கணும். நான் வர்ற வரைக்கும் கூட இருக்கணும். ஒண்ணும் தெரியாத மாதிரி. முடியுமா?"

"முடியும்" என்றேன். அதையும் தமிழில்.

ஆக, ஆங்கிலத் தேர்வில் நான் கடைசியாகச் சொன்னது ஒரு தமிழ்ச் சொல்.

ஜூன் 28

வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

அத்தை, "அவன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார். எப்படி என்றேன். முறைத்தார். பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டு, அம்மா வரப்போவதில்லை, வாஷிங் மெஷின் தாராளமாக இருக்கட்டும் என்றார்.

ஜூலை 5

வேலை பழகிவிட்டது. 'ப்ளீஸ் பீ சீட்டட்.' வருகிறவர்கள் உட்காருகிறார்கள். இன்று ஸ்கேனுக்கு உள்ளே போன ஒருவருடைய மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் கேஸ் பதிவு செய்ய மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தேன்.

ஜூலை 9

இன்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள். கதவைத் தள்ளியதும் உள்ளே பேச்சுச் சத்தம். அவர் குரல். 'ஒய் ஷுட் வீ ஹயர் யூ' — உங்களை ஏன் வேலைக்கு எடுக்க வேண்டும்?

"அவளுக்கு வேலை கிடைச்சிடுச்சுடா" என்றார் அத்தை. "காலைல போனா சாயங்காலம்தான் வர்றா. குழம்புல உப்பு போட மறந்துடறா. நான் ஒண்ணும் சொல்றதில்லை. முன்ன மாதிரி கத்தறதும் இல்லை, அதான் எனக்குக் கவலையா இருக்கு. உன் தங்கச்சி நேத்து வந்தா, வந்து —"

'வெரி குட், நெக்ஸ்ட்.'

"இருடா, இன்னும் முடிக்கல."

அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அத்தை விட்ட இடத்திலிருந்து அவசரமாகத் தொடங்கினார். அவர் மறுபடி குறுக்கே வந்தார். மறுபடி, "சொல்ல விடேன்டா."

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 13

அவருடைய போனைச் செல்போன் கடைக்கு எடுத்துப் போனேன். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் இருக்கும் இடைவெளியை நீட்டித் தர முடியுமா என்று கேட்டேன்.

"ஈசிங்க. நடுவுல சத்தமில்லாம சேத்துவிட்டுடலாம்."

"சத்தமில்லாம வேணாம். மூச்சு விடற சத்தம் இருக்கு பாருங்க, அதையே நீட்டுங்க. பழையதை அழிச்சிடாதீங்க."

காதில் மாட்டிக் கேட்டார். ஏறிட்டு என்னைப் பார்த்தார். எவ்வளவு நீட்டணும் என்றார். ஒருத்தர் ஒரு நாள் பூரா நடந்ததைச் சொல்லி முடிக்கிற அளவுக்கு என்றேன்.

"இன்டர்வியூவுக்குத்தானே? அவ்வளவு நேரம் யாருங்க பேச விடுவாங்க?"

"இவர் விடுவார்" என்றேன்.