சிவப்பு போனால் போதுமாம்

பாலசமுத்திரம்

அன்பு மகள் தேவசேனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க முருகன் துணை.

என்ன முடிவெடுத்தாய் என்று போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று நழுவிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். ஒவ்வாமையில் கண் சிவந்த கினிப் பன்றிகளுக்கு மூன்று வகைச் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தீர்கள், ஸ்டீராய்டு சொட்டில்தான் சிவப்பு சீக்கிரம் போனது, ஆனால் நாள்பட அந்தக் கண்களில்தான் அழுத்தம் ஏறியது என்றாய். அழுத்தத்தை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் எழுதச் சொன்னாராமே உன் பேராசிரியர், பெரிய மேதைதான்! முப்பத்தோரு வருடம் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் நான். பால் கூடியதை மட்டும் எழுதி, மாடு செத்ததை மறைத்திருந்தால் எனக்கும் மாலை போட்டிருப்பார்கள்.

உன் கதிர்வேல் மாமா விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காயத் தூசியால் அவனுக்குக் கண் அரிப்பு. மருந்துக் கடைக்காரன் கொடுத்த சொட்டை டாக்டரிடம் காட்டாமல் ஒரு வருடமாகப் போட்டிருக்கிறான். "ரெண்டே நாள்ல கண்ணு பளிச்சுன்னு ஆயிருச்சு மச்சான்" என்று பெருமை வேறு. போன மாதம் ஓரமாக நின்ற டிராக்டரில் வண்டியை மோதினான். கண்ணில் படவே இல்லையாம். மதுரைக்குக் கூட்டிப் போனேன். அழுத்தத்தில் நரம்பு பழுதாகிவிட்டது, வலது கண்ணில் பக்கப் பார்வை போனது போனதுதான், இடது கண்ணிலும் பாதி இல்லை, மீதியைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

மாமன் போட்டதும் ஸ்டீராய்டு சொட்டுதான். கடைக்காரனிடம் போய்க் கேட்டேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "செவப்பு போச்சா இல்லையாங்க?" என்கிறான். உன் பேராசிரியருக்கு இங்கேயும் ஒரு சீடன்! அவன் மேல் மனு கொடுத்திருக்கிறேன். ஆனால் அவனை மட்டும் திட்டி என்ன? ஒரு வருடமாக அந்தக் குப்பியை மாமன் சட்டைப் பையில் பார்த்துக்கொண்டே இருந்த மகா புத்திசாலி நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாங்கி லேபிளைப் படித்திருக்கலாம்.

அழுத்தம் இல்லாத கட்டுரையில் உன் பெயர் வேண்டாம். வேலை போனால் போகட்டும், இங்கே மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நேற்று மாமன் சாப்பிட வந்தான். வலப்பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டான். திட்ட வாயெடுத்த அம்மா அப்படியே அடங்கி, துணி எடுத்துத் துடைத்தாள். "தெரியலக்கா" என்றான்.

நேரத்துக்குச் சாப்பிடு. அழுத்தக் கணக்கையும் சேர்த்து எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்பு. டாக்டரிடம் கேட்டாவது புரிந்துகொள்கிறேன். நல்லா இரு தாயி.

ஆசிகளுடன்,
அப்பா தங்கமுத்து