வாசல் எந்தத் திசை

மோசல் ஆற்றங்கரை, ஜேர்மனி
3.10.1986

இஞ்சாரும்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. வீட்டு வாசல் வடக்கு என்று ஆனியில் எழுதினேனாம், ஆவணியில் கிழக்கு என்றேனாம். "எது சரியெண்டு சொல்லுங்கோ. வாசல் திசை பிழையெண்டால் என்ர விசா இழுபடுமாம், சாத்திரியார் சொல்லுறார்" என்று கேட்டிருக்கிறீர்.

இரண்டும் சரிதான். கோபிக்காதேயும். எங்கள் வீட்டுக்கு நாலு சில்லு இருக்கிறது.

அது ஒரு பழைய வான். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, பூப்போட்ட யன்னல் திரை. நானும் அருளம்பலம் அண்ணையும் வேலை இருக்கிற தோட்டங்களுக்கு அதை ஓட்டிப்போய் அங்கேயே தங்குகிறோம். ஆனியில் ஸ்ரோபெரி, ஆவணியில் பிளம்ஸ், இப்போது வைன் பிழிகிற முந்திரிகை. குளிர் அவ்வளவு இல்லை. காலில் போட்ட சப்பாத்தோடு படுக்கிறோம், அவ்வளவுதான். கடிதத்தைப் பழைய முகவரிக்கே போடும். அரசாங்கக் கந்தோர்க்காரரின் பதிவில் நாங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.

நேற்று இங்கே வந்து நிறுத்தும்போது, "வாசலைக் கிழக்கை பாக்க விடுங்கோ அண்ணை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சேற்றில் மூன்று தரம் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பி நிறுத்திவிட்டு, "என்ர மனிசியும் இதைத்தான் கேட்டு எழுதினவ" என்றார்.

சாத்திரியாருக்குக் கிழக்கு என்றே சொல்லும். நீர் வந்து இறங்கும் நாளில் மட்டும் நான் திசை பார்க்க மாட்டேன். நீர் எந்தப் பக்கத்தால் வந்தாலும் வாசல் உம்மைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

உம்முடைய
'இஞ்சாருங்கோ'