இருநூற்று இருபதாவது கல்

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். வெளியூர் ஆராய்ச்சி எப்படிப் போகிறது? "போன்ல பேசினா மறுபடி முட்டிக்குவீங்க, எழுதிப் போடுண்ணா" என்று என் தங்கை, உங்கள் வீட்டு எஜமானி, உத்தரவு போட்டதால் எழுதுகிறேன்.

உங்கள் கல்லூரித் தாழ்வாரத்தில் டைல்ஸ் பார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தந்த தாளில் உள்ள விதிப்படிதான். முதலில் ஒன்று. பிறகு, வரிசையின் வால்பக்கத்தில் ஒரே துண்டு, அது ஓர் எண்ணோ பல எண்களோ, அடுத்தடுத்து அதிகபட்சம் எத்தனை முறை வந்திருக்கிறதோ, அதுவே அடுத்த எண். 1, 1, 2 என்ற துண்டு இரண்டு முறை வந்தால் அடுத்தது 2. ஒன்றுக்கு வெள்ளை, இரண்டுக்குச் சாம்பல், மூன்றுக்கு நீலம். "நான்கு வரவே வராது" என்று அடிக்கோடும் போட்டிருந்தீர்கள்.

வந்துவிட்டது மாப்பிள்ளை. 216 முதல் 219 வரை வரிசையாக நாலு நீலம். அடுத்தது நான்கு இல்லாமல் வேறென்ன? ஒட்டுமுன் வெறுமனே அடுக்கிப் பார்ப்பது என் வழக்கம், அதனால் தெரிந்தது. "ஒரு வெள்ளையை வச்சு முடிப்பா" என்கிறார் கான்ட்ராக்டர். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கட்டுரையிலும் நான்கு வராது என்றே எழுதி, இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறதாமே. அதற்குள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மச்சான்

ஜூன் 8

மச்சானுக்கு,

நூற்றுத் தொண்ணூறு வரை நானே போட்டுப் பார்த்தது. எங்கோ ஒரு கல் மாறியிருக்கும். ஒன்று மாறினால் பின்னால் வருவது எல்லாமே தப்பு. கட்டுரை அச்சகத்துக்குப் போய்விட்டது. வேலையை முடியுங்கள்.

மாப்பிள்ளை

ஜூன் 12

மாப்பிள்ளைக்கு,

இரண்டு வருடம் முன்பு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், நான் ஏதோ கணக்கு கேட்டதற்கு, "கல்லு ஒட்டுறவருக்கு இதெல்லாம் எதுக்கு மச்சான்?" என்றீர்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் கை நனைக்கவில்லை. அதற்குப் பழி தீர்ப்பதாக நினைக்காதீர்கள். பழிதான் வேண்டுமென்றால் வெள்ளையை ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஊரே உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

எல்லாக் கல்லையும் கலைத்து, இரண்டு நாள் முட்டி தேய, மறுபடி அடுக்கினேன். அதே இடம், அதே நாலு நீலம். நீங்கள் நின்ற இடத்திலிருந்து இன்னும் முப்பது கல் தூரம்தான். தயவுசெய்து போட்டுப் பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். தன் முதுகைத் தானே திரும்பிப் பார்த்து அடுத்த அடி வைக்கிற இந்த வரிசை மாதிரி ஒரு அழகை இருபது வருடத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

மச்சான்

ஜூன் 17

அன்புள்ள மச்சான்,

போட்டுப் பார்த்தேன். நாலு நீலம். அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்திவிட்டேன்.

அப்புறம் வெட்கத்தை விட்டு இங்குள்ள கணிதப் பேராசிரியர்களைக் கேட்டேன். தெரிந்த சங்கதிதானாம். நான்கு முதலில் வருவது 220இல்தான். அவர்கள் கணினியில் பார்த்ததை நீங்கள் தரையில் முட்டி போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது கல் நடக்கச் சோம்பல்பட்டவன் நான். அதைத் திருத்தியவர் தரை போடும் என் மச்சான் என்று கட்டுரையின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

ஐந்தும் உண்டாம், நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் அது எத்தனையாவது கல் என்று எழுதவே உலகத்துக் காகிதம் போதாதாம்.

அன்று மேஜையில் சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள். மாதக் கடைசியில் ஊர் திரும்புகிறேன். சாப்பிட வருவீர்களா?

மாப்பிள்ளை

ஜூன் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாலுக்குச் சிவப்பு வைத்தாயிற்று. தாழ்வாரம் 260 கல்லோடு முடிவதால் ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது. உங்கள் சமையலறைக்குத் தரை போட்டபோது மிஞ்சிய கல். தூக்கிப்போட மனமில்லாமல் இவ்வளவு நாள் வைத்திருந்தேன்.

ஐந்துக்கும் ஒரு பச்சை எடுத்து வைத்திருக்கிறேன். என் காலத்தில் ஆகாதுதான். அதற்காக, வேலை வரும்போது கல் இல்லை என்று சொல்லக்கூடாது பாருங்கள்.

நீங்கள் திரும்பிய ஞாயிறு மதியம் வருகிறேன். தங்கையிடம் கொஞ்சம் கூடவே சமைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடப் பசி.

மச்சான்